அம்மாளுக்காக வாதாடிய மருந்தாளர்

போன வெள்ளிக்கிழமை காலை பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, என் மனைவி செல்வராணி தொலைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி வாசலில் நின்றார். அதை என்னிடம் நீட்டினார். மறுமுனையில் நஸீமா மிஸ்ஸின் மகள். "மாஸ்டர், உம்மா மவுத்தாகிட்டாங்க. சுபஹு தொழுதிட்டு இருந்தபடியே சாஞ்சிட்டாங்க. ஜும்ஆவுக்கு முந்தி அடக்கம்." உடனே சந்திக்கு நடந்தேன். உடப்பிலிருந்து முந்தல், அங்கே பஸ் மாறி தில்லையடி. இறங்கும்போதுதான் பாண் இன்னும் கையில் இருப்பது தெரிந்தது.

அவருடைய வீட்டு ஒழுங்கை நிறைய ஆட்கள். சாவு வீட்டில் இப்படி ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு கதை சொல்வதை நான் முன்பு கண்டதில்லை. குறிஞ்சிப்பிட்டியிலிருந்து வந்த தோட்டக்காரர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து சின்ன வெள்ளைக் காகித உறை ஒன்றை எடுத்து, "இது மிஸ் எழுதித் தந்தது" என்று எனக்குக் காட்டினார். பக்கத்தில் நின்றவர் தன்னுடைய பணப்பையைத் திறந்தார். அவரிடமும் ஓர் உறை. அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணிடமும் ஒன்று. நான் என்னுடையதை எடுக்கவில்லை. அது செல்வராணியின் கைப்பையில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை செய்தவர்கள் போடும் சிறு நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். அஞ்சலி எழுதுபவர் குரலைத் தாழ்த்தி எழுத வேண்டும் என்பார்கள். நஸீமா மிஸ்ஸை நினைத்தால் என் குரல் தானாக உயர்கிறது. அவர் கதைத்தாலும் அப்படித்தான். முந்தல் சந்தியில் அவர் ஒரு கதையைத் தொடங்கினால், ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு முடிவைக் கேட்டவர்கள் உண்டு. நானும் விட்டிருக்கிறேன்.

அவரை மருந்து கொடுக்கும் யன்னல் வழியாக மட்டும் கண்டவர்களுக்காகச் சொல்கிறேன். முந்தலில் நான் கணக்குப் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கும், அவர் மருந்தாளராக இருந்த சின்ன அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு மதில்தான். யுத்தம் முடிந்து வீதித் தடைகள் எடுபட்ட காலம். பின்னேரத்தில் அவர் புத்தளம் பஸ்ஸுக்கும் நான் உடப்பு பஸ்ஸுக்கும் ஒரே சந்தியில் நிற்போம். பதினொரு வருடம் அப்படி நின்றோம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் குளிசையைச் சின்ன உறையில் போட்டு, காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதித் தருவார்கள். நஸீமா மிஸ் அதன் மேல் குளிசையின் பெயரையும் எழுதுவார். தமிழ் ஆட்களுக்குத் தமிழில், சிங்கள ஆட்களுக்குச் சிங்களத்தில். எழுதியது போதாதென்று யன்னலில் நிற்பவரைத் திருப்பிச் சொல்லவும் வைப்பார். பிறகு ஒரு கேள்வி: "முந்தி எப்பயாவது மருந்து குடிச்சு மேல் கடிச்சுச் சொறிஞ்சதா, தடிச்சதா, சிவந்ததா?" வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்குப் பொறுமை போய்விடும்.

"மிஸ், இது ஆஸ்பத்திரியா, பள்ளிக்கூடமா?"

"மதிலுக்கு அங்கால மாஸ்டர்ட பள்ளிக்கூடம், இங்கால என்ட பள்ளிக்கூடம். அங்க பெயில் விட்டா அடுத்த வருசம் எழுதலாம். இங்க பெயில் விட்டா எழுத ஆள் இரிக்கணுமே!"

அவர் அடிக்கடி சொன்ன வாசகம் ஒன்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். "பேர் தெரியாத ஆளை வீட்டுக்குள்ள விடமாட்டீங்க. பேர் தெரியாத குளிசைய வாய்க்குள்ள விடுவீங்களா?"

அந்த வாசகம் எங்கிருந்து வந்தது என்று ஒரு மழை நாளில் சந்தியில் நின்று சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டபோது அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. உம்மா அவசரத்தில் வாப்பாவின் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு லேஞ்சித் துணியில் கொட்டி முடிந்துகொண்டார். புத்தளத்தில் முகாமுக்கு வந்த டொக்டர் அந்த லேஞ்சியை விரித்துப் பார்த்து, "இது என்ன மருந்து?" என்று கேட்டார். "வெள்ளைக் குளிசை" என்றார் உம்மா. "எல்லாம் வெள்ளைதானே அம்மா" என்றார் டொக்டர். எது பிரஷருக்கு, எது சீனி வருத்தத்துக்கு என்று தெரியாமல் பல நாட்கள் போயின. "வாப்பா அதுக்குப் பிறகும் கொஞ்சக் காலம் இருந்தார். ஆனா அந்த லேஞ்சி என்ட கண்ணை விட்டுப் போகல்ல மாஸ்டர்" என்றார். பஸ் வந்தது. ஏறிக்கொண்டே, "அதான் எழுதுறன்" என்றார்.

கேள்வி கேட்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். இறால் பண்ணைக் காவலாளி அந்தோணியின் கீழுதட்டில் சதக்காசு அளவில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. மங்கும், பிறகு அதே இடத்தில் திரும்பவும் கறுக்கும். அவர் பீடியை விட்டுவிட்டதாகத் தேவாலயத்தில் சத்தியம் செய்திருந்தார். மனைவி நம்பவில்லை. "உதடு காட்டிக் குடுக்குதே, இன்னும் என்ன சத்தியம்?" என்று வீட்டில் ஒவ்வொரு நாளும் சண்டை. நஸீமா மிஸ் அவரிடம் கேட்ட கேள்வி பீடியைப் பற்றியதல்ல. "அண்ணன், தலையிடி வந்தா என்ன போடுவீங்க?" கடையில் வாங்கும் ஒரு குளிசையின் பெயரை அந்தோணி சொன்னார். சிலருக்குச் சில குளிசைகள் இப்படித்தான் செய்யுமாம். போடும் ஒவ்வொரு முறையும் தோலில் அதே இடத்தைத் தேடிவந்து முத்திரை குத்துமாம். டொக்டரிடம் காட்டிக் குளிசையை மாற்றினார்கள். சில மாதங்களில் கறுப்பு மங்கியது, பிறகு வரவே இல்லை. அந்தோணியின் மனைவி ஒரு பை நிறைய இறால் கொண்டுவந்து யன்னலில் வைத்தார். மிஸ் சந்திக்கு ஓடிவந்து என்னிடம், "மாஸ்டர், செய்யாத குத்தத்துக்கு ரெண்டு வருசம் தண்டனை அனுபவிச்ச மனுசனுக்கு விடுதலை எடுத்துக் குடுத்திட்டன்!" என்றார். சோதனையில் நூறு புள்ளி எடுத்த பிள்ளையின் முகம்.

இனி எங்கள் வீட்டுக் கதை. இதைச் செல்வராணியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் உடம்பில் சிவந்த தடிப்பு எழும்பினால் அதை நோய் என்று சொல்வதில்லை. மாரியம்மன் இறங்கியதாக எண்ணி, அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். வாசலில் வேப்பிலை கட்டுவோம். வீட்டில் தாளிப்பு இல்லை, மீன் இல்லை, டொக்டர் இல்லை, மருந்தும் இல்லை. எங்கள் வீட்டில் இந்தச் சட்டங்களை எல்லாம் நடத்துபவர் செல்வராணியின் மூத்த சகோதரி பார்வதி அக்கா. அவர் அடுத்த வளவில் இருக்கிறார். அவருடைய சொல்லுக்கு நானும் எழுந்து நிற்பேன்.

முதல் முறை, செல்வராணிக்குச் சிறுநீர் எரியும் சலக்கடுப்பும் காய்ச்சலும் என்று ஒரு டொக்டர் பத்து நாட்களுக்குப் பெரிய வெள்ளைக் குளிசை எழுதினார். எட்டாம் நாள் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புத் தடிப்பு. அக்கா பார்த்தவுடன் வேப்பிலைக்கு ஆள் அனுப்பினார். குளிசை நின்றது. ஒரு கிழமையில் எல்லாம் மறைந்தது. மிஞ்சிய நான்கு குளிசைகளைப் பால்மாத் தகரத்தில் போட்டு வைத்தோம். எல்லா வீடுகளிலும் அப்படி ஒரு தகரம் உண்டு. அடுத்த வருடம் அதே கடுப்பு வந்தது. திரும்ப எதற்கு டொக்டர் என்று தகரத்தைத் திறந்தார் செல்வராணி. மூன்று குளிசை உள்ளே போனது. இந்த முறை எட்டு நாள் எடுக்கவில்லை. இரண்டாம் நாளே தடிப்பு. திரும்ப அம்மாள், திரும்ப வேப்பிலை, திரும்ப சுகம்.

மூன்றாம் முறை நான் கெட்டித்தனம் காட்டினேன். தகரத்தில் மிஞ்சிய ஒற்றைக் குளிசையை உள்ளங்கையில் வைத்துப் புத்தளத்தில் ஒரு கடைக்காரரிடம் காட்டி, "இதே மாதிரிப் பத்து" என்று வாங்கி வந்தேன். அடுத்த நாளே தடிப்பு எழும்பியது. அக்கா வேப்பிலை கட்டி, "ஒரு குளிசையும் உள்ள போகக்கூடாது" என்றார். செல்வராணியின் உடம்பு காய்ச்சலில் கொதித்தது. நான் படித்தவன், கணக்கு வாத்தியார். காய்ச்சலுக்கு வேப்பிலையா பதில் என்று எனக்குள் கோபம். பின்னேரம் அக்கா கோயிலில் விளக்கு வைக்கப் போகும் நேரம் பார்த்து, யாருக்கும் தெரியாமல் குளிசை கொடுத்தேன். இரண்டு நாள் அப்படிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை அவருடைய உதடுகள் வீங்கி வெடித்திருந்தன. வாய்க்குள் புண். கண்கள் சிவந்து ஒட்டிக்கொண்டன. மெல்லிய போர்வை பட்டாலும் தோல் நோகிறது என்று அழுதார். "அம்மாள் கோபமா இருக்கிறா" என்றார் அக்கா.

நான் பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மதிலைச் சுற்றி யன்னலுக்குப் போனேன்.

"மிஸ், சொறி கடிக்குப் பூசுற றோஸ் நிற மருந்து ஒரு போத்தல் தாங்க."

"ஆருக்கு?"

"வீட்டுல. அம்மாள்."

"போன வருசமும் அம்மாள் எண்டுதானே லீவு போட்டீங்க?"

"ஓம். இது மூண்டாம் முறை."

அவர் கையிலிருந்த பேனையை வைத்தார். "கொப்புளிப்பான் அம்மை ஒருக்கா வந்தா அநேகமா அதோட சரி மாஸ்டர். மூண்டு முறையும் தடிப்பு வர முந்தி அவ என்ன குடிச்சா?"

மூன்று வரிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால் வகுப்பின் கடைசிப் பிள்ளைக்கும் விடை தெரியும். நான் ஒவ்வொரு வரியையும் தனித்தனிக் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே போனார். வாயில் புண்ணா? ஓம். கண் சிவப்பா? ஓம். தோல் தொட்டால் நோகிறதா? ஓம்.

"கடைசிக் குளிசை எப்ப?"

"நேத்துப் பின்னேரம்."

"அம்மாள் எண்டா அக்கா மருந்தை நிப்பாட்டி இருப்பாவே?"

"அக்கா நிப்பாட்டினா. நான் ஒளிச்சுக் குடுத்தன்."

அவர் என்னை ஒரு கணம்தான் பார்த்தார். "மாஸ்டர், அழுறதுக்குப் பிறகு நேரம் கிடைக்கும். இப்ப வேன் புடிங்க." உள்ளே ஓடி டொக்டரிடம் சொன்னார். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார் டொக்டர். யன்னலைத் தன் உதவியாளரிடம் விட்டுவிட்டு மிஸ்ஸும் வேனில் ஏறினார். வரிசையில் யாரோ, "எங்கட மருந்து?" என்று கேட்டார். "உங்கட தடிமன் பொறுக்கும். அங்க பொறுக்காது" என்றார். என்னிடம் திரும்பி, "உங்கள அக்கா உள்ள விடுவா. நோயாளிய வெளிய விடமாட்டா. அதுக்குத்தான் நான்" என்றார்.

அக்கா வாசலில் வேப்பிலைக்குக் கீழே நின்றார். அம்மாள் வந்த வீட்டுக்கு வெளியாட்கள் வரக்கூடாது. நஸீமா மிஸ் செருப்பைக் கேற்றுக்கு வெளியே கழற்றினார். வாளித் தண்ணீரில் கால் கழுவினார். படியேறாமல் அங்கேயே நின்றார்.

"அக்கா, போன ரெண்டு முறையும் அம்மாள் எப்பிடிப் போனா?"

"குளிசை மருந்து எல்லாத்தையும் நிப்பாட்டி வேப்பிலை வச்சன். தானாப் போனா."

"அப்ப நீங்க செஞ்சதுதான் சரி. நூத்துக்கு நூறு சரி."

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. எனக்கும் இது புதிது. மிஸ் தகரத்தைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு குளிசையை எடுத்து விரல்களுக்கிடையில் உயர்த்திப் பிடித்தார்.

"ஆள் இவர்தான். மூண்டு முறையும் இவர் முந்தி வந்தார், தடிப்புப் பின்னால வந்திச்சு. நீங்க இவர நிப்பாட்டினீங்க, தடிப்புப் போச்சு. அம்மாள்ல பழி போடாதீங்க அக்கா. அவ செய்யாத குத்தம்."

முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் பெண் எங்கள் வாசலில் நின்று அம்மாளுக்காக வாதாடுகிறார். அக்கா குளிசையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"அப்ப இந்த முறையும் நிப்பாட்டினனான்தானே, புள்ள? ஏன் கூடினது?"

தகரம் என் கையில் இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். நஸீமா மிஸ் என் பக்கம் திரும்பவே இல்லை.

"மூண்டாம் முறை வாற கள்ளனுக்கு வழி தெரியுமே அக்கா. வந்த வழியால கெதியா வருவான், கூடக் களவெடுப்பான்."

அது பொய் அல்ல. ஆகாத மருந்து ஒவ்வொரு முறையும் முன்பைவிட விரைவாகவும் கடுமையாகவும் தாக்கக்கூடும் என்று பெரியாஸ்பத்திரி டொக்டரும் பிறகு சொன்னார். ஆனால் அது பாதி விடை. மற்றப் பாதி அவருக்கும் எனக்கும் செல்வராணிக்கும் மட்டும் தெரியும்.

அக்கா வாசலை விட்டு விலகினார். கட்டியிருந்த வேப்பிலையில் ஒரு கொத்தை முறித்துக்கொண்டு அவரும் வேனில் ஏறினார். "இது இருக்கட்டும்" என்றார். "இருக்கட்டும் அக்கா, நல்லது" என்று நஸீமா மிஸ் அதைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

செல்வராணி இருபத்திரண்டு நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். உதட்டுத் தோல் உரிந்து புதிதாக வந்தது. இன்னும் இரண்டு வேளை கொடுத்திருந்தால் கண்களைக் காப்பாற்றுவது கஷ்டமாகியிருக்கும் என்றார் டொக்டர். இன்று செல்வராணி ஊசியில் நூல் கோர்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு வேளைகளை நான் நினைப்பேன்.

ஒரு சிறு பின்கதையும் உண்டு. பார்வதி அக்கா தன்னுடைய பிரஷர்க் குளிசைகளையும் தூக்கி எறிந்துவிட்டு, "எல்லாம் ஒரே சாதிதான்" என்று ஊரில் பிரசாரம் தொடங்கினார். கேள்விப்பட்ட மிஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டார். இந்த முறை படியேறி, கதிரையை இழுத்துப் போட்டு அக்காவுக்கு நேரே இருந்தார்.

"ஒரு கள்ளன் புடிபட்டா ஊர் ஆம்பிளயள் எல்லாரையும் மரத்துல கட்டுறதா அக்கா?"

"கட்டினா நல்லதுதான்" என்றார் அக்கா.

மிஸ் சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவியது. ஆனால் அன்று அக்கா குளிசையின் பெயரைப் பத்துத் தரம் சொல்லிக் காட்டிய பிறகுதான் அவர் தேத்தண்ணீர் குடித்தார். தடிப்போ காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே டொக்டரிடம் ஓட வேண்டும், குளிசையையும் உறையோடு கொண்டுபோக வேண்டும், சுகம் தரும் குளிசையைப் பயத்தில் நாமாக விடவும் கூடாது. இதை அவர் எத்தனை பேருக்குச் சொன்னாரோ தெரியாது. எங்கள் தெருவில் பால்மாத் தகரங்கள் வெறுமையானது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான்.

அவரிடமிருந்து எங்களிடம் மிஞ்சியிருப்பது அந்த உறை. செல்வராணி வீட்டுக்கு வந்த அன்று கொடுத்தது. முன்பக்கத்தில் அந்த மருந்தின் பெயர். அதன் கீழே, "இது எனக்கு ஆகாது. தயவுசெய்து தர வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும். உறைக்குள் ஒன்றும் இல்லை.

உறை போக, எனக்கு மட்டும் என்று அவர் விட்டுப்போனது ஒன்று உண்டு. பதினொரு வருடம் சந்தியில் நின்று உலகத்துக் கதை எல்லாம் கதைத்தோம். அந்த மற்றப் பாதி விடையை அவர் ஒரு தரமாவது வாயில் எடுக்கவில்லை. பகிடிக்கும் எடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பெயர் சொல்ல வேண்டும் என்று அடம்பிடித்தவர், என் பெயரை மட்டும் சொல்லாமல் விட்டார். அதை நானே சொல்லட்டும் என்று விட்டார் என இப்போது நினைக்கிறேன்.

ஆகவே இன்று காலை, மலருக்கு அனுப்பும் முன், இதுவரை எழுதியதைப் பார்வதி அக்காவின் வீட்டுக்கு எடுத்துப் போய் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "நான் ஒளிச்சுக் குடுத்தன்" என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அதிக நேரம் துடைத்தார்.

"அப்ப அண்டைக்கு அம்மாளும் நானும் ஒரு பக்கம்" என்றார்.

"ஓம், அக்கா."

"நீ மட்டும் மற்றப் பக்கம்."

"ஓம்."

"அந்தப் புள்ள?"

"உங்கட பக்கம்தான், அக்கா."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அதையும் எழுது தம்பி" என்றார். "ஆர் எந்தப் பக்கம் எண்டு பேர் போட்டு எழுது."

எழுதிவிட்டேன், நஸீமா மிஸ்.